குதிரையோடு நெடும்பயணம்: ராமநாதபுரம் கரையில் இரவுத் தங்கலில் வரும் கோளாறுகளும் தீர்வுகளும்

அந்தியூர்ச் சந்தையில் பிடித்த குதிரையை ஆடி மாதத்தில் தொண்டிக்கோ கீழக்கரைக்கோ கொண்டுவருகிறவர்கள், பந்தயத்துக்காகத் தூத்துக்குடிப் பக்கம் போய்த் திரும்புகிறவர்கள், சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்து வருகிறவர்கள் என்று எல்லாரும் விடிந்ததும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "நேத்து சாயங்காலம் நல்லாத்தானே நின்னுச்சு, ராத்திரிக்குள்ள என்ன ஆச்சு?" ராமநாதபுரம் கரையில் இதற்குப் பதில் பெரும்பாலும் நான்கு இடங்களில் கிடைக்கும்: தண்ணீரில் உள்ள உப்பு, தீனியோடு உள்ளே போன மணல், தரையில் கிடந்த முள், தலையைத் தூக்கிக் கட்டிய கயிறு. நான்குமே இரவு எங்கே தங்கினோம், அங்கே எப்படிக் கட்டினோம் என்பதைப் பொறுத்தவை. அதனால் கீழே மருந்தைவிடத் தங்குமிடத்தைப் பற்றித்தான் பேச்சு அதிகம்.

கையில் இருக்க வேண்டிய எண்கள்

கிளம்பும் நாள் காலையில், குதிரை அமைதியாக நிற்கும்போது மூன்று எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்து எடுத்த உடல்வெப்பம் 99 முதல் 101.5 டிகிரி பாரன்ஹீட்டுக்குள் இருக்க வேண்டும். நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44. மூச்சு நிமிடத்துக்கு 8 முதல் 16. தாடையெலும்பின் உள்விளிம்பில் ஓடும் இரத்தக்குழாயை விரல் நுனியால் மெதுவாக அழுத்தினால் நாடி தெரியும். விலாப்பக்கம் ஏறி இறங்குவதை எண்ணினால் மூச்சுக் கணக்கு வந்துவிடும். சின்ன நாட்டுக்குதிரைகளுக்கு நாடி சற்றுக் கூடுதலாகவே இருக்கும். அதனால்தான் புத்தகக் கணக்கோடு உங்கள் குதிரையின் சொந்தக் கணக்கும் வேண்டும் என்கிறோம். தெர்மாமீட்டரில் ஒரு நூலைக் கட்டி மறுநுனியைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள், உள்ளே இழுத்துக்கொண்டால் எடுப்பது பெரும்பாடு.

அடுத்து ஈறு. மேலுதட்டைத் தூக்கி ஈற்றைக் கட்டைவிரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் பழைய நிறத்துக்கு வர வேண்டும். தொட்டால் ஈரமாக இருக்க வேண்டும். இதே சோதனைகளை இரவு இறக்கி ஒரு மணி நேரம் கழித்து ஒருமுறை, காலையில் தீனி போடுவதற்கு முன் ஒருமுறை செய்யுங்கள். கட்டிய இடத்தில் கிடக்கும் லத்தியையும் எண்ணுங்கள். இரவு முழுக்க மூன்று நான்கு குவியலாவது கிடக்க வேண்டும்.

தூரக் கணக்கு தப்பினால் எல்லாம் தப்பும்

1978ஆம் ஆண்டு விலங்குப் போக்குவரத்து விதிகள் குதிரை ஏற்றிய சரக்கு வண்டி மணிக்கு 35 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்கின்றன. பலர் இதைப் படித்துவிட்டுச் சிரிப்பார்கள். குதிரை நான்கு காலில் நின்றபடியே ஒவ்வொரு பிரேக்குக்கும் வளைவுக்கும் உடம்பைச் சமன் செய்துகொண்டு வருகிறது, அதுவும் ஓர் உழைப்புதான். அந்த வேகத்தில் ஆறு மணி நேரம் ஓட்டினால் 210 கிலோமீட்டர். அதுதான் ஒரு நாளுக்குரிய தூரம். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை அரைமணி நிறுத்தம் தனி.

இந்தக் கணக்கில் சென்னையிலிருந்து கரையோரமாக ராமநாதபுரம் வர மூன்று பகல், நடுவில் இரண்டு இரவு. நாகப்பட்டினம் பக்கம் இரண்டாம் இரவு தங்கினால் அங்கிருந்து ராமநாதபுரம் சுமார் 200 கிலோமீட்டர், ஒரு நாள் ஓட்டம். ராமநாதபுரத்திலிருந்து தூத்துக்குடி சுமார் 120, அதை ஒரே காலையில் முடித்துவிடலாம். அந்தியூரிலிருந்து மதுரை வழியாக வருவது 350 கிலோமீட்டர் அளவில் இருக்கும், அதற்கு நடுவில் ஓர் இரவு கட்டாயம். ஒரே மூச்சில் வந்துவிடலாம் என்று ஓட்டுநர் சொல்வார். அவருக்கு முடியும், குதிரைக்கு முடியாது.

சித்திரை, வைகாசி வெயிலில் ஓட்டத்தை இரண்டாக உடையுங்கள். அதிகாலை நாலரைக்குக் கிளம்பி ஒன்பதரைக்குள் நிழலில் இறக்குங்கள். மிச்ச தூரத்தை மாலை நாலரைக்குமேல் ஓட்டி, இருட்டும் முன் தங்குமிடத்துக்குப் போய்ச் சேருங்கள். புதிய இடத்தை வெளிச்சத்தில் பார்த்தால்தான் முள்ளும் கம்பியும் கண்ணில் படும்.

அதே விதிகள் குதிரையின் தலை இடப்புறம் பார்த்து நிற்க வேண்டும், இரண்டு குதிரைக்கு நடுவே குறைந்தது 8 செ.மீ. விட்டமுள்ள மூங்கில் வேண்டும், தரையில் வழுக்காத விரிப்பு வேண்டும், ஒரு வண்டியில் 4 முதல் 6 குதிரைக்கு மேல் கூடாது என்றும் சொல்கின்றன. மோட்டார் வாகன விதிகளில் 2015இல் வந்த திருத்தப்படி ஒரு குதிரைக்கு 2.25 சதுர மீட்டர் இடம். தலை இடப்புறம் இருப்பதில் வேறொரு வசதியும் உண்டு. சாலையோரம் ஒதுக்கி நிறுத்தினால் குதிரையின் வாய் உங்கள் பக்கம் இருக்கும், போகிற வண்டிகளுக்கு முதுகு காட்டிக்கொண்டே தண்ணீர் குடிக்கும். கால்நடை மருத்துவரின் உடல்தகுதிச் சான்றிதழைக் கிளம்பும் முன் வாங்கிவிடுங்கள், வழியில் யார் கேட்டாலும் முதலில் கேட்பது அதைத்தான்.

அறிகுறி: தண்ணீரை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்கிறது

இந்தக் கரையில் முதலில் சந்தேகிக்க வேண்டியது குதிரையை அல்ல, தண்ணீரை. தொண்டியிலிருந்து தேவிபட்டினம் வரைக்கும், கீழக்கரை தாண்டி சாயல்குடி, நரிப்பையூர் வரைக்கும் ஆழ்துளைக் கிணறு பல இடங்களில் உவர்ப்பு. உள்ளூர் மாட்டுக்கு அது பழகியிருக்கும், சேலத்திலோ ஈரோட்டிலோ வளர்ந்த குதிரைக்குப் பழக்கமில்லை.

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்தான், வண்டியில் போட்டு வையுங்கள். 1000க்குக் கீழே காட்டினால் கவலையில்லை. 1000 முதல் 3000 வரை குடிக்கலாம், பழகாத குதிரைக்கு ஓரிரு நாள் லத்தி இளகும். 3000க்கு மேல் போனால் பெரும்பாலான குதிரைகள் முதலில் மறுக்கும். 7000க்கு மேல் தாகத்தில் குடித்தாலும் கொடுக்கக்கூடாது.

உச்சிப்புளி, மண்டபம், பெரியபட்டினம் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் ஆழமில்லாத கிணற்றில் நல்ல தண்ணீர் கிடைக்கும். மழைநீர் மணலுக்குள் இறங்கி, கீழே உள்ள உப்புநீருக்கு மேல் மிதந்து நிற்பது அது. மோட்டாரைப் போட்டு வேகமாக இறைத்தால் கீழிருந்து உப்பு ஏறிவிடும். ஆகவே தோப்புக்காரர் மாலையில் பாய்ச்சி முடித்த பிறகு பிடிக்காமல், விடியற்காலையில் கிணறு ஊறிய பிறகு வாளியால் மொண்டு எடுங்கள். ஒரே கிணற்றில் இரண்டு வேளைக்கும் மீட்டர் வேறு எண் காட்டும். ஊருணிக்குள் குதிரையை இறக்காதீர்கள், அது ஊரே குடிக்கிற தண்ணீர். ஊர்க்காரர்களிடம் கேட்டுவிட்டுக் குடத்தில் எடுத்து வந்து வையுங்கள்.

எவ்வளவு வேண்டும்? சும்மா நிற்கும் குதிரைக்கே 100 கிலோ எடைக்கு நாளுக்கு 5 லிட்டர். வெயிலும் பயணமும் சேர்ந்தால் அது இரட்டிப்பாகும். 250 கிலோ நாட்டுக்குதிரைக்கு 25 லிட்டர், 450 கிலோ மார்வாரி இனக் குதிரைக்கு 45 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாளுக்கான தண்ணீரை வீட்டிலிருந்தே 20 லிட்டர் கேனில் கொண்டுவந்துவிடுவது நல்லது. காவிரி கூட்டுக்குடிநீர்க் குழாயில் பிடித்தால் குளோரின் வாடை போக இரவு முழுக்கத் திறந்த டிரம்மில் வையுங்கள்.

புது ஊர்த் தண்ணீரின் ருசியை மறைக்கக் கருப்பட்டி நன்றாக வேலை செய்யும். ஆனால் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே வீட்டில் 10 லிட்டர் வாளிக்கு 50 கிராம் கரைத்துப் பழக்கியிருக்க வேண்டும். தங்குமிடத்தில் முதன்முறையாகக் கரைத்து வைத்தால் அதுவும் ஒரு புது வாடைதான், இன்னும் விலகும். பழகிய வாளியையே கொண்டுவருவதும் உதவும்.

குடிக்கவே இல்லையென்றால் உலர்தீவனத்தை நன்றாக நனைத்துப் போடுங்கள், அதன்வழியாகவே சில லிட்டர் உள்ளே போய்விடும். குடிக்காத குதிரைக்கு உப்போ எலெக்ட்ரோலைட் பொடியோ ஊட்டாதீர்கள், உடம்பில் இருக்கும் நீரையும் குடலுக்குள் இழுத்துவிடும். கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டால் இரண்டு விநாடிக்கு மேல் மடிப்பு நிற்கிறது, ஈறு பிசுபிசுக்கிறது என்றால் காலையில் கிளம்பும் எண்ணத்தை விட்டுவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

அறிகுறி: லத்தி இல்லை, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறது, தரையைக் காலால் பிறாண்டுகிறது

வயிற்றுவலி. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, உள்ளே போனது பின்வழியாகத்தான் வெளியேற வேண்டும். அதனால் அடைப்பு வந்தால் நேரம் முக்கியம்.

உடனே செய்ய வேண்டியவை: எதிரில் உள்ள தீனி எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். நாடியை எண்ணுங்கள். புரளாமல் அமைதியாகப் படுத்திருந்தால் எழுப்ப வேண்டாம். புரண்டால் முகக்கயிற்றைப் பிடித்துப் பத்து நிமிடம் மெதுவாக நடத்துங்கள், மணிக்கணக்கில் இழுத்துக்கொண்டு அலைந்தால் குதிரை களைத்துப்போகும், அடைப்பு அகலாது. வயிற்றின் இரு பக்கமும் காதை வைத்துக் கேளுங்கள், குடுகுடுவென்று சத்தம் இருக்க வேண்டும். நாடி 60ஐத் தாண்டினாலோ, ஈறு கருஞ்சிவப்பாகவோ வெளிறியோ இருந்தாலோ, இரு பக்கமும் சத்தமே இல்லாவிட்டாலோ அது ஆபத்தான நிலை. கால்நடை அவசர ஊர்திக்கு எண் 1962. இரவில் வரும் என்று நம்பித் திட்டமிடாதீர்கள். தங்கும் ஊரின் கால்நடை மருத்துவர் எண்ணை மாலையிலேயே விசாரித்து எழுதி வைத்திருக்க வேண்டும். பெரிய சிகிச்சை தேவைப்பட்டால் ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய இரண்டு ஊர்களிலும் கால்நடை மருத்துவக் கல்லூரி உண்டு.

செய்யக்கூடாதது ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மூங்கில் குழாயிலோ பாட்டிலிலோ நல்லெண்ணெய், விளக்கெண்ணெய், கசாயம் என்று தலையைத் தூக்கிப் பிடித்து வாயில் ஊற்றும் பழக்கம் இன்றைக்கும் இருக்கிறது. மாட்டுக்குச் செய்து பழகிய கை அது. எண்ணெய் குதிரையின் நுரையீரலுக்குள் போனால் வயிற்றுவலி தீர்ந்த பிறகும் குதிரை பிழைப்பது அரிது. மருத்துவர் மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய் விட்டுத்தான் எண்ணெய் கொடுப்பார். வலி ஊசியையும் அவர் பார்ப்பதற்கு முன் போடாதீர்கள், வலி மறைந்தால் நோயும் மறைந்தமாதிரித் தெரியும்.

இனி காரணம். இங்கே மூன்றைத் தேடுங்கள்.

மணல் முதலாவது. கடற்கரை மணலிலோ சாயல்குடிப் பக்கத்துத் தேரி என்கிற செம்மணல் மேட்டிலோ தீனியைக் கொட்டினால், சிந்தியதைப் பொறுக்கும்போது மணலும் சேர்ந்து போகும். பெருங்குடலின் அடியில் தங்கிக் கனத்துவிடும். சோதித்துப் பார்ப்பது சுலபம். தரையில் படாத புதிய லத்தி உருண்டை ஆறு எடுத்து, ஒரு லிட்டர் கண்ணாடி பாட்டிலில் தண்ணீரோடு போட்டுக் குலுக்கிக் கரைத்து, கால் மணி நேரம் அசையாமல் வையுங்கள். நார் மேலே நிற்கும், மணல் அடியில் படியும். ஒரு தேக்கரண்டிக்கு மேல் படிந்தால் அது மணல் தின்கிற குதிரை. மணல் படியவில்லை என்பதற்காக உள்ளே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது, உள்ளேயே தங்கியும் இருக்கலாம். மணலை வெளியேற்ற இசப்கோல் உமி கொடுக்கும் அளவை மருத்துவரிடம் எடை சொல்லிக் கேளுங்கள். தடுக்கும் வழி: தார்ப்பாயை விரித்து, அதன் நடுவில் அகலமான ரப்பர் தொட்டி வைத்து அதற்குள் தீனி போடுங்கள்.

சீமைக்கருவேலக் காய் இரண்டாவது. கோடையில் பழுத்து மஞ்சளாக உதிரும், இனிப்பாக இருக்கும், குதிரைக்குப் பிரியம். ஓரிரண்டு தின்றால் ஒன்றுமில்லை. இரவெல்லாம் மரத்தடியில் கட்டிப் போட்டால் குவியலாகத் தின்று குடல் அடைத்துக்கொள்ளும். இந்த மாவட்டத்தில் நிழல் என்றால் பாதி இடத்தில் கருவேல நிழல்தான், அதனால்தான் இந்தத் தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது.

மூன்றாவது, தீனி மாற்றம். வழியில் வைக்கோல் மலிவாகக் கிடைக்கும். பழக்கமில்லாத குதிரை அதை வயிறு முட்டத் தின்று, தண்ணீரும் குறைவாகக் குடித்தால் மறுநாள் அடைப்பு. வீட்டில் போட்ட அதே உலர்தீவனத்தை எல்லா நாளுக்கும் சேர்த்துக் கட்டிக்கொண்டு வாருங்கள். எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு என்று கணக்கிட்டால் 250 கிலோ குதிரைக்கு நாளுக்கு 5 கிலோ. ஓட்ட நாளில் கொள்ளு, தானியத்தைப் பாதிக்குக் கீழே குறையுங்கள். ஊறாத கொள்ளை அவசரத்துக்குப் போடவே கூடாது. பாண்டியர் காலத்தில் இந்தக் கரையோரத் துறைகளில் கப்பல் கப்பலாக அரபுக் குதிரைகள் வந்திறங்கின. வருடக் கடைசியில் மிஞ்சுவது சொற்பம் என்று மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார், சோற்றோடு இறைச்சி சேர்த்துப் போட்டதையும் குறிப்பிடுகிறார். தீனியறியாமல் குதிரையைச் சாகடிப்பது இங்கே பழைய கதை.

அறிகுறி: இருமல், மூக்கொழுகல், காய்ச்சல்

இது தங்குமிடத்தில் தெரியாமலே போய், ஊர் சேர்ந்து இரண்டு மூன்று நாளில் வெடிப்பது. பயணத்தில் குதிரையின் தலையை மேலே தூக்கிக் குறுக்காகக் கட்டிவிடுகிறார்கள். தலையைத் தாழ்த்த முடிந்தால்தான் குதிரை மூச்சுக்குழாயில் சேரும் சளியையும் தூசியையும் வடித்துத் தள்ள முடியும். ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் தாழ்த்த விடாமல் கட்டினாலே உள்ளே கிருமி பெருக ஆரம்பிக்கும். நுரையீரலைச் சுற்றி நீர் கோத்துக்கொள்ளும் அளவுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து.

ஆகவே ஒவ்வொரு நிறுத்தத்திலும் கயிற்றை நெகிழ்த்தி, மூக்கு முழங்காலுக்குக் கீழே போகும்வரை தலையைத் தாழ்த்த விடுங்கள். குறைந்தது கால் மணி நேரம். வண்டிக்குள் தீனிவலையைக் கண்ணுக்கு நேராக உயரக் கட்டாதீர்கள், தூசி நேராக மூக்குக்குள் போகும். நனைத்து, நெஞ்சு உயரத்தில் கட்டுங்கள். இரவில் இறக்கி, தலை தரைவரை போகும்படி எட்டு மணி நேரமாவது விடுங்கள். வண்டியிலேயே நிற்கட்டும், காலையில் சீக்கிரம் கிளம்பலாம் என்று நினைப்பது இந்த நோய்க்கு நேர்வழி.

மாலையும் காலையும் வெப்பம் எடுப்பதை ஊர் சேர்ந்த பிறகும் மூன்று நாள் விடாதீர்கள். 101.5க்கு மேல் ஏறினால், இருமல் இல்லாவிட்டாலும், அன்றே மருத்துவர். தீனியைப் பாதி வைத்துவிட்டு மந்தமாக நிற்பதும், முன்னங்காலின் மேல்மூட்டை (முழங்கையை) வெளிப்பக்கம் விலக்கி நிற்பதும் நெஞ்சுவலியின் அடையாளங்கள்.

தாடைக்கடியில் கட்டி, மஞ்சள் சீழாக மூக்கொழுகல் என்றால் அது ஒட்டுநோய், சந்தையிலோ பொதுத் தொட்டியிலோ வந்தது. மற்ற குதிரைகளிடமிருந்து பிரித்து, தனி வாளி, தனி ஆள். மூக்கில் புண்ணும் தோலில் முடிச்சுகளும் சேர்ந்து வந்தால் கிளாண்டர்ஸாக இருக்கலாம். மனிதருக்கும் தொற்றும், கால்நடைத் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய நோய். இதனால்தான் லாரி ஷெட்டிலும் கோயில் வளாகத்திலும் உள்ள பொதுத் தொட்டியில் குதிரையை வாய் வைக்க விடக்கூடாது. தங்கும் ஊரில் பந்தயக்குதிரை வைத்திருப்பவர் இடம் கொடுத்தால் நல்லதுதான், ஆனால் அவருடைய குதிரைகளுக்குக் காற்று போகாத தூரத்தில் கட்டுங்கள்.

அறிகுறி: வேர்த்துக் கொட்டுகிறது, அல்லது வெயிலில் நின்றும் வேர்க்கவே இல்லை

கடற்கரை ஈரக்காற்றில் வேர்வை காயாது, உடம்பும் ஆறாது. வெப்பம் 103ஐத் தாண்டி மூச்சு வேகமாக இருந்தால் நிழலில் நிறுத்தி, தலைமுதல் வால்வரை தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள், காற்றுப் படும்படி விடுங்கள். சூடான உடம்பில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் நரம்பு இழுக்கும் என்பது தவறான நம்பிக்கை. குடிக்கவும் கொடுக்கலாம். 105ஐ எட்டினால் உயிர்ப் போராட்டம், ஊற்றுவதை நிறுத்தாமலே மருத்துவரை வரவழையுங்கள்.

வறண்ட ஊரிலிருந்து வந்த குதிரைகளில் சில இந்தக் கரைக்கு வந்து சில வாரத்தில் வேர்ப்பதையே நிறுத்திவிடும். தோல் உலர்ந்து, மூச்சு மட்டும் இரைக்கும். அப்படிப்பட்ட குதிரையைப் பகலில் ஏற்றவே வேண்டாம்.

நிறுத்திய வண்டிக்குள் குதிரையை விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். ஓடும்போது கிடைத்த காற்று நின்றதும் தகரக்கூரைக்குள் சூடு ஏறும்.

அறிகுறி: காலையில் நொண்டுகிறது, கால் வீங்கியிருக்கிறது

முதலில் குளம்பைத் தூக்கிச் சுத்தம் செய்து வெளிச்சத்தில் பாருங்கள். கருவேல முள், உடைமுள், கரையோர ஊர்களில் வலைத்துண்டோடு கிடக்கும் தூண்டில்முள், ஓலைக் கொட்டகையிலிருந்து விழுந்த ஆணி எல்லாம் அடிக்குளம்பில் ஏறும். நுனி வெளியே தெரிந்தாலும் ஆழமாக ஏறியிருந்தால் உடனே பிடுங்காதீர்கள். எந்தத் திசையில் எவ்வளவு போயிருக்கிறது என்பதை மருத்துவர் பார்க்க வேண்டும். அதன்மேல் எடை விழாதபடி சுற்றித் துணி வைத்துக் கட்டுங்கள். பிடுங்கியே ஆக வேண்டுமென்றால் நுழைந்த இடத்தைப் பேனாவால் வட்டமிட்டு, ஆழத்தை அளந்து, போட்டோ எடுத்துவிட்டுச் செய்யுங்கள். இழுத்ததும் ஓட்டை மூடிக்கொள்ளும். டெட்டனஸ் ஊசி கட்டாயம், குதிரைக்கு அந்த நோய் மிக எளிதாக வரும்.

நான்கு காலும், அல்லது இரண்டு பின்னங்காலும், சூடில்லாமல் சமமாக வீங்கியிருந்தால் நின்றே வந்த வீக்கம். இருபது நிமிடம் நடத்தினால் வடியும். ஒரு கால் மட்டும் சூடாக வீங்கி வலித்தால் அடியோ கிருமித்தொற்றோ, அன்று பயணம் இல்லை.

அறிகுறி: ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீர் வடிக்கிறது

ஆடிக் காற்றில் பாம்பன், மண்டபம் பக்கம் இது சாதாரணம். மணல் பட்டுக் கருவிழி கீறியிருக்கலாம். சலைன் பாட்டிலால் மெதுவாகக் கழுவி, இருட்டான இடத்தில் கட்டுங்கள். வீட்டில் மிஞ்சிய ஸ்டீராய்டு கண்மருந்தை விடாதீர்கள், கீறல் இருந்தால் கண்ணே போய்விடும். அதே நாளில் காட்ட வேண்டும். ராமேசுவரம் போகிறவர்கள் அந்த மாதங்களில் மண்டபத்துக்கு இந்தப் பக்கமே தங்கி, காற்று குறைந்த அதிகாலையில் பாம்பன் பாலத்தைக் கடப்பது நல்லது. பாலத்தில் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் மறைப்பே கிடையாது.

அறிகுறி: இரவெல்லாம் நிலைகொள்ளவில்லை, முளையைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டது

மணலில் அடித்த முளை எவ்வளவு நீளமானாலும் குதிரை இழுத்தால் வந்துவிடும். ஒரு சாக்கில் முக்கால்வாசி மணல் நிரப்பி, நடுவில் கயிற்றைக் கட்டி, இரண்டடி ஆழத்தில் குறுக்காகப் புதைத்து மிதித்துவிடுங்கள். அது அசையாது. இரண்டு தென்னைக்கு நடுவே ஏழடி உயரத்தில் இறுக்கமான கயிறு கட்டி, அதிலிருந்து குதிரையின் கட்டுக்கயிற்றைத் தொங்கவிடுவது இன்னும் நல்லது, கால் சிக்காது. மூக்கு தரையைத் தொடும் அளவுக்கு நீளம் போதும். தேங்காயும் மட்டையும் விழும் வட்டத்துக்கு வெளியே குதிரை நிற்கிறதா என்று அண்ணாந்து பாருங்கள்.

இடம் பேசும் முன் நாளைப் பாருங்கள். ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் ராமேசுவரம், தேவிபட்டினம், சேதுக்கரைச் சாலைகளில் வண்டி நகராது. ஏர்வாடியில் சந்தனக்கூடு, உத்தரகோசமங்கையில் மார்கழி ஆருத்ரா என்றால் ஒலிபெருக்கியும் வேட்டும் கூட்டமும் சுற்று வட்டாரம் முழுக்க இருக்கும். கல்யாண மண்டபத்துப் பின்கட்டு காலியாக இருக்கிறது என்று ஒத்துக்கொண்டு, இரவு செண்டைமேளம் ஆரம்பித்த பிறகு தவிக்க வேண்டாம். மறுநாள் முகூர்த்தமா என்று கேளுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய் உள்வாயிலும் உப்பளத்தை ஒட்டிய தாழ்நிலத்திலும் தங்காதீர்கள். மாலையில் காய்ந்து கிடந்த இடத்தில் நடுராத்திரி முழங்கால் தண்ணீர் நிற்கும், களிமண்ணில் வண்டியும் இறங்கிவிடும்.

அறிகுறி: காலையில் வண்டியில் ஏற மறுக்கிறது

முந்தின நாள் நோகாமல் வந்த குதிரை மறுத்தால் முதலில் உடம்பைப் பாருங்கள்: வெப்பம், குளம்பு, முதுகு. எல்லாம் சரியென்றால் ஏறும் வழியைப் பாருங்கள். சாய்வுப்பலகை செங்குத்தாக இருக்கும், தகரம் பனியில் வழுக்கும், உள்ளே இருட்டாக இருக்கும். நனைத்த சாக்கை விரித்து மேலே மண் தூவுங்கள், உள்ளே ஒரு விளக்கைப் போடுங்கள், வண்டியின் முகப்பைச் சூரியன் பக்கம் திருப்பாமல் வெளிச்சம் பின்வழியாக உள்ளே விழும்படி நிறுத்துங்கள். பழகிய குதிரையை முதலில் ஏற்றுங்கள், மற்றது பின்னால் வரும். பின்னாலிருந்து அடிக்கவோ வாலை முறுக்கவோ கூடாது. ஒருமுறை வலித்தால் அடுத்த ஊரிலும் மறுக்கும்.

இந்தத் தொல்லை வராமலிருக்க, தங்குமிடம் பார்க்கும்போதே ஒரு மேட்டைப் பாருங்கள். உங்கள் வண்டியின் தளம் தரையிலிருந்து எத்தனை அடி என்று அளந்து வைத்திருங்கள். அரிசி ஆலை, உரக் குடோன் வாசல் திண்ணை, கெட்டியான கண்மாய்க்கரைச் சரிவு என்று அதே உயரத்தில் ஒன்று கிடைத்தால் பின்கதவை அதில் பொருத்தி, குதிரை சமதரையில் நடப்பதுபோல் உள்ளே போய்விடும். திண்ணைக்கும் வண்டிக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி இருந்தாலும் கெட்டிப் பலகை போட்டு மூடுங்கள், குளம்பு அதில் இறங்கினால் கால் முறியும். ஏற்ற முக்கால் மணி நேரம் ஒதுக்கி, அதற்கேற்ப எழுந்திருக்கும் நேரத்தை முன்னால் தள்ளுங்கள்.